இருள்வீதியில் ஒரு துப்பறிவோன்

துப்பறியும் கதைகளை இலக்கியத்தின் வாயிற்படிக்கு வெளியே நிறுத்தி வைப்பது கற்றோர் பலரிடம் காணப்படும் வழக்கமாகும். மாணவன் ஒருவன் பாடநூலுக்கிடையே மறைத்து வைத்துப் படிப்பது யாது எனப் பார்த்தால், பெரும்பாலும் அது கொலையும் களவும் நிரம்பிய மலிவுப் பதிப்பாகவே இருக்கும். ஆசிரியர் அதனைப் பறித்து மேசை இழுப்பறையுள் வைப்பார். அத்துடன் அந்நூலைப் பற்றிய ஆராய்ச்சி முடிந்துவிடும். ஆயினும், ஒரு காலத்து மக்கள் எதற்கு அஞ்சினர், எதை விரும்பினர், எதை வெளிப்படையாகக் கூற இயலாது தவித்தனர் என்பதை அறிய வேண்டின், அக்காலத்தின் உயர்ந்த நூல்களைக் காட்டிலும் மலிவுத்தாள் கதைகளே சில வேளைகளில் தெளிவாக உரைக்கின்றன.

அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டுகளில் தோன்றி, 1940ஆம் ஆண்டுகளில் திரைப்படத்துள் புகுந்து, உலகத் திரைக்கலையின் போக்கையே மாற்றியமைத்த ஒருவகைத் துப்பறியும் கதையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அக்கதைகளை அமெரிக்கர் 'ஹார்ட் பாயில்ட்' என்றனர். நெடுநேரம் வெந்த முட்டை கெட்டியாகிவிடுவது போல, உலகின் கொடுமைகளைக் கண்டு கண்டு உள்ளம் இறுகிப்போன மனிதனின் கதை என்பது அதன் கருத்து. அவற்றிலிருந்து பிறந்த திரைப்படங்களுக்குப் பிரெஞ்சுக்காரர் 'பிலிம் நுவார்' எனப் பெயரிட்டனர். நாம் அவற்றைக் கருந்திரைப்படங்கள் எனலாம்.

ஒற்றனும் துப்பறிவோனும்

மறைந்த செய்தியை அறிந்துவரும் தொழில் நமக்குப் புதியதன்று. வள்ளுவர் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆனால் அவர் கூறும் ஒற்றன் அரசனின் கண். அரசு அறநெறியில் நிற்கும் என்ற நம்பிக்கையே அவன் தொழிலுக்கு அடிப்படை. தற்காலத் துப்பறியும் கதையின் தந்தை எனப் போற்றப்படும் எட்கார் ஆலன் போ 1841இல் எழுதிய கதையிலும், 1887இல் கானன் டாயில் படைத்த ஷெர்லக் ஹோம்ஸிலும் இந்நம்பிக்கை வேறு வடிவில் தொடர்ந்தது. சமுதாயம் ஒழுங்கானது, ஒரு கொலை அந்த ஒழுங்கைக் குலைக்கிறது, அறிவாற்றல் மிக்க ஒருவர் கொலையாளியைச் சுட்டிக் காட்டியதும் ஒழுங்கு மீள்கிறது. நம் மொழியில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிக் குவித்த துப்பறியும் புதினங்களும் பெரும்பாலும் இப்பாதையிற் சென்றவையே.

அமெரிக்கக் கதை இந்த அடிப்படையையே ஐயுற்றது. ஒழுங்கே அழுகியிருந்தால் என் செய்வது? காவலரே கையூட்டுப் பெற்றால், நீதிபதியே குற்றவாளியின் விருந்தினராயின், கொலையாளியைக் கண்டுபிடிப்பதனால் எது மீளும்? இவ்வினாவே அக்கதைகளின் வித்து.

மலிவுத்தாளில் முளைத்த விதை

அவ்வினா எழுந்த காலத்தை நோக்குவோம். 1920ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. நோக்கம் நன்றே, விளைவு வேறு. கள்ள மது விற்ற கூட்டங்கள் பெருஞ்செல்வம் சேர்த்தன. அச்செல்வம் காவல் நிலையங்களுக்கும் நகராட்சிகளுக்கும் பாய்ந்தது. 1933 இறுதியில் மதுவிலக்கு நீக்கப்பட்டபோது நாடு பெரும் பொருளாதார மந்தத்தில் மூழ்கியிருந்தது. தொழிலாளருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையற்றிருந்தனர். சட்டத்தின்மீதும் செல்வர்மீதும் மக்கள் நம்பிக்கை இழந்த காலம் அது.

அக்காலத்தில் மரக்கூழினால் செய்த முரட்டுத் தாளில் அச்சிட்ட இதழ்கள் சில சென்டுகளுக்கு விற்கப்பட்டன. 'பிளாக் மாஸ்க்' அவற்றுள் ஒன்று. 1920இல் எச். எல். மென்கென், ஜார்ஜ் ஜீன் நாதன் என்னும் இரு திறனாய்வாளர்கள், தாம் நடத்திய உயர்தர இதழின் நட்டத்தை ஈடுசெய்ய இதனைத் தொடங்கி, விரைவிலேயே விற்றுவிட்டனர். 1926 முதல் 1936 வரை ஜோசப் ஷா என்பார் ஆசிரியராயிருந்தபோதுதான் இவ்விதழ் வரலாற்றில் இடம்பெற்றது. எழுத்தாளர்க்குச் சொல் எண்ணிக் கூலி கொடுக்கப்பட்ட உலகம் அது. சொற்களைப் பெருக்கினால் வருவாய் பெருகும். ஆயினும் ஷா, வீண் சொல் இல்லாத, செறிவான நடையையே தம் எழுத்தாளரிடம் கேட்டார். கூலிக்கு எழுதியவர்களிடமிருந்து சிக்கனமான நடை பிறந்தது வியப்புக்குரிய செய்தியாகும்.

தொழிலறிந்த எழுத்தாளர்

அந்நடையின் முதல்வர் டாஷியல் ஹாமெட். 1894இல் மேரிலாந்தில் பிறந்த இவர், இளமையிலேயே பள்ளியை விட்டு, 1915 முதல் பிங்கர்ட்டன் என்னும் தனியார் துப்பறியும் நிறுவனத்தில் பணியாற்றினார். அந்நிறுவனம் திருடரை மட்டும் பிடிக்கவில்லை. முதலாளிகளின் கூலியைப் பெற்று வேலைநிறுத்தங்களை முறியடிக்கவும் ஆள் அனுப்பியது. 1892இல் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் அந்நிறுவனத்தின் ஆள்களுக்கும் தொழிலாளர்க்கும் நிகழ்ந்த மோதலில் பலர் மாண்டது தொழிலாளர் வரலாற்றில் அழியாத நிகழ்ச்சியாகும். முதல் உலகப் போரில் படையிற் சேர்ந்தபோது பற்றிய காச நோய் ஹாமெட்டின் உடலைக் கெடுத்தது. துப்பறியும் தொழிலைத் தொடர இயலாத நிலையில், சான் பிரான்சிஸ்கோ நகரில் பேனாவைக் கையிலெடுத்தார்.

1929இல் வெளிவந்த 'ரெட் ஹார்வெஸ்ட்' என்னும் அவரது முதற்புதினம் ஒரு சுரங்க நகரத்தைக் காட்டுகிறது. வேலைநிறுத்தத்தை ஒடுக்குவதற்காகச் சுரங்க முதலாளி அடியாள்களை வரவழைத்தார். வேலை முடிந்த பின்னர் அடியாள்கள் வெளியேறவில்லை. நகரமே அவர்கள் வசமாயிற்று. அங்கு வரும் துப்பறிவோனுக்குப் பெயர்கூட இல்லை. கயவர் கூட்டங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு அழிக்கும் அவன், இறுதியில் தனக்குள்ளும் கொலைவெறி தொற்றிக்கொண்டதை உணர்ந்து அஞ்சுகிறான். சிலப்பதிகாரத்தில் பாண்டியன், தான் வழங்கியது தவறான தீர்ப்பு என உணர்ந்த கணத்திலேயே அரியணையில் வீழ்ந்து உயிர்நீத்தான். ஹாமெட் காட்டும் நகரத்தில் அவ்வாறு நாணுவதற்கு ஆட்சியில் ஒருவரும் இல்லை. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் அக்கதைகளின் இருள் எத்தகையது என்பது விளங்கும்.

1930இல் நூலாக வெளிவந்தது 'தி மால்டீஸ் பால்கன்'. மால்டாத் தீவின் வீரத்துறவியர் பேரரசர் ஐந்தாம் சார்லசுக்கு அனுப்பியதாகக் கூறப்படும், மணிகள் பதித்த பொன் வல்லூறு ஒன்றைத் தேடி ஒரு கூட்டம் அலைகிறது. அதற்காகக் கொலைகள் நிகழ்கின்றன. கிடைத்த பறவையோ ஈயத்தாலான போலி. துப்பறிவோன் சாம் ஸ்பேட் நல்லவனா, தீயவனா என்பது இறுதிவரை ஐயமே. தன் கூட்டாளியை அவன் மதித்தவனல்லன். அக்கூட்டாளியின் மனைவியோடு முறையற்ற தொடர்பும் கொண்டிருந்தான். ஆயினும், கூட்டாளியைக் கொன்றவள் தான் விரும்பும் பெண்ணே எனத் தெரிந்தபோது, அவளைக் காவலரிடம் ஒப்படைக்கிறான். உடன் தொழில் செய்தவன் கொல்லப்பட்டால் வாளாவிருத்தல் ஆகாது என்ற ஒரே விதி அவனிடம் எஞ்சியிருந்தது. எல்லா நெறிகளும் சரிந்த உலகில் ஒரே ஒரு நெறியையேனும் விடாது பற்றி நிற்றல், அதற்காகத் தன் இன்பத்தை இழத்தல் என்பதே இக்கதையின் உயிர்.

இந்நூலில் மொழியாசிரியர் கருதத்தக்க ஒரு சிறப்பும் உண்டு. பாத்திரங்களின் எண்ணங்களை ஹாமெட் ஓரிடத்திலும் விளக்குவதில்லை. கூட்டாளி கொலையுண்ட செய்தி நள்ளிரவில் தொலைபேசியில் வருகிறது. ஸ்பேட் வருந்தினான் என்றோ திடுக்கிட்டான் என்றோ ஆசிரியர் எழுதவில்லை. அவன் படுக்கையில் அமர்ந்து புகையிலைத் துகளைத் தாளில் இட்டுச் சுருட்டுவதை மட்டும் விரலசைவு விரலசைவாகக் காட்டுகிறார். வாசகனே அம்மனத்தை ஊகித்துக் கொள்கிறான். 'ஆற்றொணாத் துயரக் கடலில் ஆழ்ந்தான்' என எழுதிப் பழகிய நம் மாணவர்க்கு இஃது ஒரு நல்ல பாடமாகும்.

சாண்ட்லரும் கெயினும்

ஹாமெட் வகுத்த பாதையில் வந்தவர் ரேமண்ட் சாண்ட்லர். 1888இல் சிகாகோவில் பிறந்து இங்கிலாந்தில் கல்வி பயின்ற இவர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் எண்ணெய் நிறுவன அதிகாரியாக உயர்ந்து, குடிப்பழக்கத்தினால் 1932இல் வேலையிழந்தார். நாற்பத்தைந்தாம் வயதில், 1933 டிசம்பரில், அவரது முதற்கதை 'பிளாக் மாஸ்க்' இதழில் வெளிவந்தது. 1939இல் 'தி பிக் ஸ்லீப்' புதினத்தில் பிலிப் மார்லோ என்னும் துப்பறிவோன் தோன்றினான். ஸ்பேடைக் காட்டிலும் மார்லோ மென்மையானவன், சதுரங்கம் ஆடுவான், கூலி குறைவாயினும் பொய்க்கு விலைபோகான். 1944இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில் சாண்ட்லர், கொலையை மாளிகை விருந்தறையின் புதிராகக் காட்டிய ஆங்கில மரபைச் சாடி, ஹாமெட் அதனை உண்மையான தெருவுக்குக் கொண்டு வந்தார் எனப் பாராட்டினார். அந்த இழிந்த தெருவில் நடப்பவன் தான் இழியாதவனாக இருத்தல் வேண்டும் என்பதே அவர் கொள்கை.

மூன்றாமவரான ஜேம்ஸ் எம். கெயின் துப்பறிவோனையே விலக்கிவிட்டுக் குற்றவாளியைப் பேசவைத்தார். 1927இல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்னும் பெண், காதலனுடன் சேர்ந்து கணவனைக் காப்புறுதிப் பணத்திற்காகக் கொன்று, மறு ஆண்டு மரண தண்டனை பெற்றாள். விபத்தில் இறந்தால் இருமடங்கு தொகை என்ற விதி அவ்வழக்கில் பேசப்பட்டது. அதனையே கருவாக்கிக் கெயின் எழுதிய 'டபுள் இண்டெம்னிட்டி' என்ற தொடர்கதை 1936இல் வெளிவந்தது.

தாளிலிருந்து திரைக்கு

இக்கதைகள் திரைக்கு வருவதற்குப் பெருந்தடை ஒன்றிருந்தது. ஹாலிவுட் பட நிறுவனங்கள் 1930இல் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட ஒழுக்க விதிகள், 1934 முதல் ஜோசப் பிரீன் என்பாரின் தலைமையில் கண்டிப்புடன் செயற்பட்டன. குற்றம் கவர்ச்சியாகத் தோன்றலாகாது. குற்றவாளி தண்டனை பெற்றே ஆகவேண்டும். 'மால்டீஸ் பால்கன்' 1931இலேயே படமாகியிருந்தது. விதிகள் இறுகிய பின்னர் அப்படத்தை மறுபடி வெளியிட இசைவு கிடைக்கவில்லை. 1936இல் நகைச்சுவையாக மாற்றி எடுத்த மற்றொரு படம் எடுபடவில்லை.

1941இல் ஜான் ஹஸ்டன் தம் முதற்படமாக அதே கதையை எடுத்தார். கதையை மாற்றாமல், ஹாமெட் எழுதிய உரையாடல்களையே பெரும்பாலும் பயன்படுத்தினார். விதி தடுத்தவற்றைப் பார்வையாலும் குறிப்பாலும் உணர்த்தினார். அதுவரை கொள்ளையர் வேடங்களில் சுடப்பட்டு வீழ்ந்துகொண்டிருந்த ஹம்பிரி போகார்ட் ஸ்பேடாக நடித்து முதன்மை நடிகரானார்.

கெயினின் கதையைப் படமாக்குவதற்கு 1935இலேயே நிறுவனங்கள் முயன்றபோது பிரீன் அலுவலகம் கடுமையாக எச்சரித்தது. பல ஆண்டுகள் கழித்துப் பில்லி வைல்டர் அதனைத் துணிந்து எடுத்தார். திரைக்கதை எழுத அவருக்குத் துணையாக வந்தவர் சாண்ட்லர். இருவரும் ஓயாது பூசலிட்டனர். ஆயினும் 1944இல் வெளிவந்த படம் இவ்வகையின் உச்சம் எனப் போற்றப்படுகிறது. காப்புறுதி முகவன் ஒருவன் குண்டடி பட்ட நிலையில் நள்ளிரவில் அலுவலகத்துக்கு வந்து, ஒலிப்பதிவுக் கருவியின் முன் தன் குற்றத்தைத் தானே கூறத் தொடங்குகிறான். கொன்றவன் யார் என்பது முதற்காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. 'யார் செய்தார்?' என்ற வினா போய், 'மனிதன் எவ்வாறு இந்நிலைக்கு இழிந்தான்?' என்ற வினா எழுந்தது. குற்றவாளி தண்டனை பெறவேண்டும் என்ற தணிக்கை விதி, இங்கு ஊழ்வினையின் தோற்றத்தைப் பெற்றுவிட்டது. தடையாக வந்த ஒன்று கலைக்கு வலிமையாயிற்று.

அதே 1944இல் சாண்ட்லரின் புதினம் ஒன்றை 'மர்டர், மை ஸ்வீட்' என்ற பெயரில் எட்வர்ட் டிமிட்ரிக் இயக்கினார். 1946இல் ஹோவர்ட் ஹாக்ஸ் 'தி பிக் ஸ்லீப்' படத்தை வெளியிட்டார். அதன் திரைக்கதையாசிரியருள் ஒருவர், பின்னர் நோபல் பரிசு பெற்ற வில்லியம் பாக்னர். அக்கதையில் காரோட்டியைக் கொன்றது யார் எனப் படக்குழுவினர் கேட்டபோது, தமக்கும் தெரியாது எனச் சாண்ட்லர் விடையளித்தார் என்பர். புதிரைக் காட்டிலும் அந்த உலகமே அவருக்கு முதன்மையாயிருந்தது.

இருளின் இலக்கணம்

இப்படங்களைக் கண்டவர் மறவாதது அவற்றின் ஒளியும் நிழலும் ஆகும். சாளரத் தட்டிகளின் வழியே விழும் ஒளி, மனிதர்மீது சிறைக்கம்பிகளைப் போலக் கோடிடும். மழை நனைத்த தெருவில் ஒற்றை விளக்கு எரியும். முகத்தில் பாதி இருளில் மறைந்திருக்கும். இம்முறை செருமனியிலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் தோற்றுத் தளர்ந்த அந்நாட்டில், 1920இல் வெளிவந்த 'டாக்டர் காலிகாரி' போன்ற படங்கள், மனத்தின் அச்சத்தைக் கோணலான அரங்கமைப்பாலும் நிழலாலும் புறத்தே காட்டின.

அக்கலை கடல் கடந்தமைக்குக் காரணம் துயரமானது. 1933இல் இட்லர் ஆட்சியைக் கைப்பற்றியதும் யூதக் கலைஞர் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். வைல்டர், பிரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக் ஆகியோர் அவ்வாறு வெளியேறியோரே. வைல்டரின் தாயார் நாஜிகளின் கொலைக்கு இரையானார். ஓர் அரசே கொலையாளியாக மாறியதைக் கண்டவர்கள் அவர்கள். சட்டத்தை நம்பாத அமெரிக்கக் கதையும், அரசை நம்பவியலாத ஐரோப்பிய அகதியும் ஹாலிவுட்டில் சந்தித்ததன் விளைவே கருந்திரைப்படம் எனலாம். போர்க்காலச் சிக்கனமும் துணைநின்றது. அரங்கமைப்புக்குப் புதுப்பொருள் வாங்க ஒரு படத்திற்கு 5,000 டாலரே வரம்பு என அரசு விதித்தபோது, பழைய அரங்கங்களின் வறுமையை இருள் மறைத்தது.

கதை சொல்லும் முறையும் மாறியது. நிகழ்ந்து முடிந்ததை நினைவாகக் கூறும் குரல், பின்னோக்கிச் செல்லும் காட்சிகள் ஆகியன பெருவழக்காயின. 'மர்டர், மை ஸ்வீட்' படத்தில் துப்பறிவோன் கண்கள் கட்டப்பட்ட நிலையில் காவலர் நடுவில் அமர்ந்து கதை சொல்கிறான். அனைத்தையும் காணவேண்டியவனே காணவியலாது இருக்கிறான்.

பெயரும் குறையும்

இவற்றை எடுத்தவர்கள் தாம் ஒரு புதுவகையைப் படைக்கிறோம் என எண்ணவில்லை. அவர்கட்கு அவை வெறும் குற்றப் படங்களே. செருமானியர் வசமிருந்த பிரான்சில் அமெரிக்கப் படங்கள் தடைசெய்யப்பட்டிருந்தன. போர் முடிந்து, 1946 கோடையில் பல ஆண்டுப் படங்கள் பாரிசுக்கு ஒருங்கே வந்தபோது, அவற்றின் பொதுவான இருள் பளிச்செனத் தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நினோ பிராங்க் என்னும் திறனாய்வாளர் 'பிலிம் நுவார்' என்ற பெயரைச் சூட்டினார். அருகிலிருப்போர் காணாததைத் தொலைவிலிருந்து நோக்குவோர் காண்பது திறனாய்வில் புதிதன்று.

குறைகளையும் மறைத்தலாகாது. இக்கதைகளில் பெண் பெரும்பாலும் ஆடவனைக் கெடுக்கும் மாயக்காரியாகவே வருகிறாள். போர்க்காலத்தில் தொழிற்சாலைகளில் ஊதியம் பெற்றுத் தன் காலில் நின்ற பெண்ணைக் கண்டு ஆடவர் கொண்ட அச்சமே அவ்வடிவம் பெற்றது என ஆய்வாளர் சிலர் கருதுவர். ஆயினும் இக்கலைக்குப் பெண்களும் உரம் இட்டுள்ளனர். 'லாரா' கதையை எழுதியவர் வேரா காஸ்பரி. 'தி பிக் ஸ்லீப்' திரைக்கதையில் பங்கேற்ற லீ பிராக்கெட்டை, அவரது புதினத்தைப் படித்த ஹாக்ஸ் ஆண் என எண்ணியே அழைத்தாராம். கறுப்பினத்தவரும் சீனரும் இக்கதைகளில் இழிவாகச் சித்திரிக்கப்பட்டமை மற்றொரு குறை. சிறைவாழ்வை அறிந்த கறுப்பின எழுத்தாளர் செஸ்டர் ஹைம்ஸ், 1957 முதல் ஹார்லெம் பகுதியைக் களமாகக் கொண்டு எழுதிய துப்பறியும் புதினங்கள், அக்குறைக்குத் தக்க விடையாயின. அவற்றுக்கு முதலில் பெருமை செய்ததும் பிரான்சே.

கதை மெய்யான வேளை

சாம் ஸ்பேடின் ஒற்றை நெறி வெறுங்கதையோ என்ற ஐயம் எழலாம். வரலாறு அதற்கு விடை தருகிறது. 1947 முதல், பொதுவுடைமையாளரைத் தேடும் விசாரணைகள் ஹாலிவுட்டை உலுக்கின. விடையளிக்க மறுத்த பதின்மர் சிறை சென்றனர். அவர்களுள் இருவர் 'மர்டர், மை ஸ்வீட்' படத்தின் இயக்குநர் டிமிட்ரிக், தயாரிப்பாளர் ஏட்ரியன் ஸ்காட் ஆகியோர். சிறையிலிருந்து வந்த டிமிட்ரிக் 1951இல் மனம் மாறி, பழைய தோழர்களின் பெயர்களை விசாரணைக் குழுவிடம் கூறி மீண்டும் தொழில் பெற்றார். ஸ்காட் அவ்வாறு செய்யவில்லை. அவருக்கு வாய்ப்புகள் அடைபட்டன.

அதே 1951இல் ஹாமெட் நீதிமன்றத்தில் நின்றார். குடியுரிமை அமைப்பொன்றின் பிணைநிதிக்கு அவர் பொறுப்பாளர். நிதி அளித்தோர் யாவர் எனக் கேட்டபோது கூற மறுத்தார். காச நோயால் நலிந்த ஐம்பத்தேழு வயதினர் ஏறத்தாழ ஐந்து திங்கள் சிறையிருந்தார். வெளிவந்தபோது வருவாய் வழிகள் அடைபட்டிருந்தன. வரித்துறை பெருந்தொகை கேட்டது. 1953இல் அயல்நாடுகளிலிருந்த அமெரிக்க நூலகங்களிலிருந்து அவர் நூல்கள் அகற்றப்பட்டன. வேலைநிறுத்தங்களை முறியடித்த நிறுவனத்தில் இளமையைக் கழித்தவர், முதுமையில் அடுத்தவரைக் காட்டிக்கொடுக்க மறுத்து அனைத்தையும் இழந்தார். 1961இல் மறைந்த அவர், இரு உலகப் போர்களிலும் படைப்பணி ஆற்றியவராதலின், ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அச்சம் சூழ்ந்த காலத்தில் தனி மனிதர் எடுத்த முடிவுகளுக்கு இன்று நாம் தீர்ப்புரைத்தல் எளிது. ஆனால் தாம் எழுதிய நெறியைத் தாமே விலைகொடுத்து மெய்ப்பித்தவர் எண்ணிக்கை இலக்கிய உலகில் மிகுதியன்று.

நம் நோக்கில்

1958இல் ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'டச் ஆப் ஈவில்' படத்துடன் அவ்வகையின் முதற்காலம் முடிந்தது எனக் கொள்வர். அதன் நிழல் பிற மொழிகளிலும் படர்ந்தது. தமிழில் 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்' பாடல் இல்லாத படம். சப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமோன்' தந்த தூண்டுதலால் பிறந்ததாயினும், அதன் நிழலும், பின்னோக்கு முறையும், நாட்டைக் காட்டிக்கொடுக்கும் நாயகனும் கருதி, அதனைத் தமிழின் கருந்திரைப்படம் எனத் திறனாய்வாளர் போற்றுகின்றனர்.

மலிவுத்தாளில் வந்தமையாலேயே ஒரு கதை மலிவானதாகிவிடாது. அதே தாளில் வந்த ஆயிரம் கதைகள் மறைந்தன; மொழியை அளந்து பயன்படுத்தியவையும், தம் காலத்தின் பொய்யை அஞ்சாது காட்டியவையும் நின்றன. ஆதலின், மாணவன் கையிலுள்ள துப்பறியும் நூலைப் பறிக்குமுன், அதில் கொலையாளி யார் என்பதோடு, கொலைக்கு இடங்கொடுத்த ஊர் எத்தகையது, துப்பறிவோன் எதற்கு விலைபோகான் என்ற வினாக்களையும் நாம் கேட்கலாம். இவ்வினாக்களுக்கு விடைதரும் நூல் வகுப்பறையுள் நுழையத் தகுதியுடையதே. விடைதராத நூலை மாணவன் தானே மூடிவைப்பான். நம் இழுப்பறை தேவைப்படாது.